புதுப்பேட்டையில் ஒரு பித்தளைக் கிண்ணம்

சென்னையில் கார் தொலைந்து போனால் முதலில் புதுப்பேட்டைக்குப் போய்ப் பார் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. வண்டி கட்டாயம் அங்கே இருக்கும். என்ன... கதவு ஒரு கடையில், ஸ்டியரிங் அடுத்த கடையில், ஹாரன் எதிர்க்கடையில் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்!

புதுப்பேட்டையிலேயே போய் நின்று இந்த ஜோக்கைச் சொல்லிவிடாதீர்கள். "எங்க தாத்தா காலத்து ஜோக்கு சார் இது. அதையாவது புதுசா வாங்கியாரக் கூடாதா?" என்று கேட்டு விடுவார்கள்.

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. தெருவுக்குள் நுழையும்போதே கண்ணைக் கட்டும். கார்க் கதவுகளைக் கல்யாண வீட்டு அப்பளம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். பம்பர்கள் வாழைத்தார் மாதிரி தொங்கும். இன்ஜின்கள் வரிசையாகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும், பென்ஷன் ஆபீஸ் வாசலில் காத்திருக்கும் பெரியவர்கள் மாதிரி. மண்ணெண்ணெய், எரிந்த ஆயில், இஞ்சி டீ மூன்றும் கலந்த ஒரு வாசனை. கூவத்தின் வாசனை இலவச இணைப்பு.

அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் மீட்டர் சூடாவதற்குள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வந்துவிடும். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிற ரோடு. இதுவும் கார் சாமான் கடைத்தெருதான். ஆனால் சகலமும் புதுசு! கண்ணாடி கவுன்ட்டர், அட்டைப்பெட்டி, பாலிதீன் உறை, சுவரில் ஆயில் கம்பெனி காலண்டர், சாமி படத்துக்குச் சீரியல் பல்பு.

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான்" என்பது ஜி.பி. ரோடு கட்சி. "பழசானாலும் ஒரிஜினல் மாதிரி வருமா?" என்பது புதுப்பேட்டைக் கட்சி. தேர்தல் மட்டும் இல்லை; மற்றபடி சண்டை சச்சரவு எல்லாம் உண்டு.

எந்தக் கட்சி சொல்வது சரி? ஆறேழு மாதம் இரண்டு தெருவிலும் என் நண்பரோடு அலைந்ததில் எனக்கு ஒரு விடை கிடைத்தது. சொல்கிறேன்.

★ மாட்டுக்கொட்டகை மகாராணி

நண்பர் வங்கியில் வேலை பார்க்கிறார். வீடு குரோம்பேட்டை. ஒருநாள் செங்கல்பட்டுப் பக்கம் கடன் வசூலுக்குப் போனவர், கடனுக்குப் பதிலாக ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்தார். மாட்டுக்கொட்டகையில் நின்றிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பின்சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்ததாம். கோழி நீங்கலாக வண்டியைப் பேசி முடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நண்பரின் மனைவி ஆரத்தித் தட்டு எடுக்கவில்லை. "இதை எங்க நிறுத்தப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். 'என் தலையில்' என்று நண்பர் சொல்லவில்லை. நல்ல கணவர்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நண்பரின் அப்பா எண்பதைத் தாண்டியவர். ஹெரால்டு பிறந்த வண்டலூர் ஃபாக்டரியில் ஃபிட்டராக 23 வருஷம் வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்கில் கார்களைக் கட்டி வெளியே அனுப்பிய மனிதர், சொந்தமாக ஒரு கார் வாங்கியதில்லை. "அப்பாவை அந்த வண்டியில வச்சு, அந்த ஃபாக்டரி வாசல் வரைக்கும் ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்டா" என்றார் நண்பர். இதற்குமேல் என்ன பேச முடியும்?

இளைய வாசகர்களுக்கு ஹெரால்டைப் பற்றி ஒரு வார்த்தை. டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி. உருவத்தை வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து இதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று தயாரித்தது. அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய் என்றால், ஹெரால்டு நம்ம மெட்ராஸ்! இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுதான். மாமியார், மச்சினி, தூக்குச்சட்டி சகிதம் கிளம்புகிற நமக்கு அது போதுமா? இங்கே நாலு கதவு வைத்துக் கொடுத்தார்கள்.

அந்த வண்டியில் இரண்டு விசேஷம். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து, முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் சாயும். டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இரண்டாவது, திரும்புகிற அழகு. 25 அடி அகலம் இருந்தால் போதும், ஒரே மூச்சில் ஒரு முழு வட்டம் அடித்துவிடும். மாம்பலம் சந்துக்கென்றே செய்த மாதிரி.

அவ்வளவு சுலபமாகத் திரும்புகிற ரகசியம் முன் சக்கரத்தில் இருக்கிறது. நம் கதையின் வில்லனும் அங்கேதான் இருக்கிறான்.

★ மரை கழண்ட கேஸ்

முன் சக்கரத்தைத் தாங்குவது ஒரு நிமிர்ந்த இரும்புத் தண்டு. அதன் மேல்முனையில் ஒரு பால் ஜாயின்ட். கீழ்முனையில் மரை போட்டிருக்கும். அந்த மரை ஒரு சின்னப் பித்தளை நிறக் கிண்ணத்துக்குள் போய் உட்காரும். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். பெயர் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கிண்ணத்துக்குள் போல்ட்டு மாதிரி கொஞ்சம் சுழலும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. கிண்ணத்தையும் சேசிஸிலிருந்து வரும் கையையும் இணைக்கிற இடங்களில் ரப்பர் புஷ்கள், வாஷர்கள்.

அந்தக் கிண்ணத்துக்குள் கியர் ஆயில் போடவேண்டும். நாம் தொண்ணூறு நம்பர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கெட்டி எண்ணெய். ஆனால் ஊரெல்லாம் கிரீஸ் கன்னோடு திரிகிற மெக்கானிக்குகள் என்ன செய்தார்கள்? 'எல்லா நிப்பிளும் ஒண்ணுதானே' என்று கிரீஸை அடித்தார்கள். எண்ணெய் என்றால் மரையின் இடுக்கெல்லாம் ஓடி இறங்கும். கிரீஸ் அப்படி இறங்காது. நாளடைவில் காய்ந்து மெழுகாகி வழியை அடைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் உள்ளே போய் மரையைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கிண்ணத்தைத் தின்னும், கிண்ணம் தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப, பிடித்துக்கொண்ட தண்டு முறுக்கப்படும். ஒருநாள் 'டக்' என்று முறியும். சக்கரம் பக்கவாட்டில் மடிந்து, வண்டி முட்டி போட்டுவிடும்!

தெருமுனையில் மெதுவாகத் திரும்பும்போது முறிந்தால் செலவோடு போகும். தாம்பரம் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது முறிந்தால்? எண்பது வயது அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது?

இதனால்தான் நண்பர் மற்ற விஷயங்களில் கஞ்சத்தனம் பார்த்தாலும், முன் சஸ்பென்ஷன் மொத்தமும் புதுசாகப் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். ஜி.பி. ரோடு கட்சியில் அவர் சேர்ந்த கதை இதுதான்.

★ இரண்டு காலும் வலது செருப்பு

ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் தேடிப் பிடித்து, ஒரு செட் சாமான் கொண்டுவந்து வைத்தார்கள். ரப்பர் புஷ் எட்டு, டிரன்னியன் இரண்டு, வாஷர், போல்ட்டு எல்லாம் இருந்தன. டிரன்னியன் ஒவ்வொன்றும் பூஜை அறைக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. நண்பர் அதைக் கையில் ஏந்திய விதத்தைப் பார்த்தால் வீட்டுக்குப் போய்க் குங்குமம் வைப்பார் போலிருந்தது.

முதல் அதிர்ச்சி மறுநாளே வந்தது. ஒரு டிரன்னியன் அட்டைப்பெட்டியில் 'இடது' என்று அச்சடித்திருந்தது. இன்னொன்றில் 'வலது'. தண்டில் மாட்டிப் பார்த்தால் இரண்டுமே வலது! பாட்டா கடையில் வாங்கிய செருப்பில் இரண்டும் வலது காலுக்கு இருந்தால் எப்படி இருக்கும்? செருப்பாவது நொண்டிக்கொண்டே போடலாம். இதை மாட்டவே முடியாது.

கடைக்காரர் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார். தெருமுனை மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டினார். வண்டி ஓடியது. நண்பர் ஸ்வீட் பாக்கெட் வாங்கி ஆபீசில் விநியோகித்தார்.

நாலு மாதம்தான். முன்பக்கம் 'கடக் கடக்' என்று ஒரு சத்தம். ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் முறுக்கு கடிக்கிற சத்தம். ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால், ஆடிக் காற்றில் ஆடுகிற ஜன்னல் கதவு மாதிரி ஆடியது. பிரித்துப் பார்த்தால்... ரப்பர் புஷ், இட்லிப் பொடி மாதிரி உதிர்ந்து கொட்டியது.

'பழைய புஷ் எத்தனை வருஷம் உழைத்தது?' என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லவில்லை. கோழியைத்தான் கேட்கவேண்டும்.

★ காந்தமும் வெர்னியரும்

அடுத்த சனிக்கிழமை கட்சி மாறி, இருவரும் புதுப்பேட்டைக்குப் போனோம். பை நிறைய உதிர்ந்த புஷ், ஆடுகிற டிரன்னியன்.

பழைய வண்டிச் சாமான் என்றால் இவர்தான் என்று நாலு பேர் கை காட்டிய கடையில், கைலியும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார் ஒரு பாய். கடை அகலம் ஆறடி. உள்ளே போகிற நீளம் அல்லாவுக்கே வெளிச்சம். எங்கள் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு, டீ சொல்லிவிட்டு, கல்லாப் பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்த வட்டக் காந்தம்.

"மொதல்ல இது சார்."

டிரன்னியன்மேல் வைத்தார். ஒட்டவில்லை. "பாஸு. சில பேரு இரும்ப வார்த்து மேல பித்தளக் கலரு ஏத்தி அனுப்புறான். காந்தம் புடிச்சிக்கும். உங்கள்து அந்த அளவுக்கு மோசமில்ல."

அடுத்து, கடை மூலையிலிருந்து ஒரு பழைய தண்டை எடுத்து, மரையைத் துடைத்து, எங்கள் டிரன்னியனை அதில் நாலு சுற்றுச் சுற்றினார். பிறகு இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது.

"கொஞ்சூண்டு ஆட்டம் இருக்கணும் சார், எண்ண நிக்க எடம் வோணுமில்ல? ஆனா இது வாடகை வீட்டுத் தாப்பா மாதிரி ஆடுது. மரைய ஆழமா வெட்டிட்டான். நாலு மாசத்துல தேஞ்சதில்ல இது. பொறந்ததே இப்படித்தான்."

புதுசாகவே தேய்ந்து பிறந்த சாமான்! இதைத்தான் நண்பர் குத்துவிளக்கு மாதிரி ஏந்தியது.

மூன்றாவதாக வந்தது வெர்னியர். உதிர்ந்த புஷ்ஷின் நடுவில் இருந்த இரும்புக் குழாயை அளந்தார். பக்கத்திலேயே ஒரு பழைய ஒரிஜினல் புஷ்ஷின் குழாயை அளந்தார். எங்களுடையது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை.

"ஒரு மில்லிதானே பாய்?" என்றேன்.

"ஒரு மில்லியா? அதான் சார் மேட்டரே!" என்று விளக்கினார். போல்ட்டை முறுக்கினால் அது இரும்புக் குழாயைத்தான் இறுக்கிப் பிடிக்கவேண்டும். குழாய் அசையாமல் நிற்கும், வெளிவட்டம் கையோடு சேர்ந்து அசையும், நடுவில் இருக்கிற ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு விடும். ரப்பர் எதிலும் தேய்வதே கிடையாது. குழாய் குட்டையாக இருந்தால் போல்ட்டு ரப்பரைப் பிடிக்கிறது. குழாய் சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ரப்பர் உரசுகிறது. நம்ம ஊர் ரோட்டில் குழிக்குப் பஞ்சமா? பொடியாகிவிடுகிறது.

டீ வந்தது. பாய் ஒரு வாய் குடித்துவிட்டு நண்பரைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. மெக்கானிக்கு போல்ட்ட டைட் வெக்கும்போது வண்டி ஜாக்குல தொங்கிச்சா, தரையில நின்னுச்சா?"

"ஜாக்கிலதான்."

"போச்சு! தொங்கும்போது டைட் வெச்சா, ரப்பரு அந்த நெலையிலயே செட் ஆயிடும். கீழ எறக்குன ஒடனே முறுக்கிக்கும். வண்டி நின்னுகினு இருக்கும்போதுகூட ரப்பருக்கு ரெஸ்ட்டு கெடையாது. லூசா மாட்டி, வண்டிய எறக்கி, சீட்ல ஆள ஒக்கார வெச்சி, அப்புறம்தான் கடைசி முறுக்கு முறுக்கணும். பாதித் தப்பு சாமானு மேல, பாதித் தப்பு ஜாக்கு மேல!"

பெரிய பெரிய இன்ஜினீயர் கன்சல்டன்ட் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லவேண்டிய விஷயம். இங்கே டீயும் சேர்த்து இலவசம்.

★ பழசும் பொய் சொல்லும்

ஆஹா, புதுப்பேட்டைக் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்.

மெக்கானிக் பழைய தண்டுகளையே வைத்திருந்தார். அவற்றின் மரையில் துருக் குழிகள். வேறு போடவேண்டும் என்றார் பாய். உள்ளே போனவர் பத்து நிமிஷம் கழித்து ஒட்டடையோடு திரும்பி வந்தார். கையில் மூன்று தண்டுகள், இடது இரண்டு, வலது ஒன்று. எல்லாம் கம்பெனி ஒரிஜினல். மரை கத்தி மாதிரி இருந்தது.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா மாட்டாதீங்க."

இது என்னடா வியாபாரம் என்று விழித்தோம். "கிராக் டெஸ்ட் பண்ணிட்டு மாட்டுங்க. இது எத்தினி பள்ளத்துல வுழுந்துச்சோ, எவன் எவன் எங்க மோதினானோ, எனக்குத் தெரியாது. ஃபெயிலானா திருப்பிக் குடுங்க, துட்டு வாபஸ்."

கிண்டியில் ஒரு பட்டறையில் அந்த டெஸ்ட்டைப் பார்த்தேன். மந்திரவாதி வித்தை கெட்டது! தண்டைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளிக்கிறார்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சாயத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் வெள்ளைப் பவுடர் தெளிப்பு. விரிசல் எங்காவது இருந்தால், உள்ளே ஒளிந்திருக்கிற சாயம் வெள்ளைப் பவுடரில் ஊறி மேலே வரும்.

முதல் தண்டு சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில், மரை முடிகிற இடத்தில், தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக எழுந்தது.

நாங்கள் இருவரும் பேசவில்லை. கண்ணுக்கு மூன்றிலும் அதுதான் அழகாக இருந்தது. டெஸ்ட் இல்லையென்றால் அதைத்தான் மாட்டியிருப்போம்.

ஆக, புதுசு பொய் சொல்கிறது. பழசும் பொய் சொல்கிறது. பெட்டியையும் பளபளப்பையும் நம்பாதே, 'ஒரிஜினல்' என்கிற வார்த்தையையும் நம்பாதே, அளந்ததை நம்பு. எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

★ கடைக்காரர் கட்சி

நியாயமாக ஜி.பி. ரோடுக்காரர் பக்கமும் கேட்கவேண்டும் இல்லையா? ஆடுகிற டிரன்னியனையும் வெர்னியர் அளவு எழுதிய சீட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தால், நாற்காலி போட்டார்.

"சார், இந்த மாதிரி அளந்து எழுதிக்கொண்டு வந்து யாருமே காட்டினது கிடையாது. கத்துவாங்க, தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க. எது தப்புன்னு தெரிஞ்சாத்தானே நான் சப்ளையரைக் கேட்க முடியும்?" என்றார்.

அவர் சொன்ன கணக்கு எளிது. கம்பெனி நடந்தபோது, சாமானைப் போட்டுக் கொடுத்தவர்கள் வரைபடம் பார்த்துச் செய்தார்கள். கம்பெனி இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பினார். கம்பெனியே இல்லாதபோது திருப்பி அனுப்ப யார் இருக்கிறார்கள்? இப்போது செய்பவர் ஒரு தேய்ந்த பழைய சாமானை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து இன்னொன்று செய்கிறார். தேய்மானமும் சேர்ந்து நகலாகிறது! மொத்தமே சில நூறு பீஸ் விற்கும் சாமானுக்கு நல்ல அச்சு, நல்ல ரப்பர் என்று செலவு செய்ய யாருக்கும் மனசு வருவதில்லை. போதாததற்கு, விற்காமல் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடக்கும் ரப்பர், மாட்டுவதற்கு முன்னாலேயே பாதி செத்துவிடுகிறது.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. ஹெரால்டு பிறந்த இங்கிலாந்திலும், அதே முன் சஸ்பென்ஷன் உள்ள டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். புது டிரன்னியன் ஆடுகிறது, புது புஷ் சீக்கிரம் உதிர்கிறது. வெள்ளைக்காரனுக்கும் 'டூப்ளிகேட்' என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

கடைக்காரர் டிரன்னியனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். புஷ் பெட்டி நாலைத் திறந்து வைத்து, "நீங்களே அளந்து எடுங்க" என்றார். நகத்தால் அழுத்திப் பார்த்து, விரிசல் பார்த்து, குழாயை அளந்து, எட்டு நல்ல புஷ் பொறுக்கினோம். கத்திரிக்காய் வாங்குவதைவிடச் சிரமம் இல்லை. கத்திரிக்காய்க்குப் படுகிற சிரமத்தைக்கூட நாம் சக்கரத்துக்குப் படுவதில்லை, அதுதான் வேடிக்கை.

★ அப்பா வந்தார்

டிரன்னியன்? புதுப்பேட்டையிலேயே ஒரு லேத் பட்டறையில் கடைவது என்று முடிவாயிற்று. பாஸ்பர் பிரான்ஸ் கட்டை வாங்கிக் கொடுத்தாயிற்று. அதுவரை வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் இருந்த அப்பா, "நானும் வரேன்" என்று வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பட்டறைக்காரருக்கு வயது முப்பது இருக்கும். பெரியவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு லேத் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் கிண்ணம் கடைந்து முடிந்தது. பெரியவர் வாங்கி, தண்டில் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் அசைத்தார்.

"வேணாம் தம்பி. வேற போடு."

"பெரியவரே, அளவு கரெக்டா இருக்கே?"

"அளவு கரெக்டுதான். மரை சொரசொரப்பா இருக்கு. சொரசொரப்பு மூணு மாசத்துல தேஞ்சிடும். தேஞ்சா ஆட்டம்தான். உளி தீட்டிட்டு மெல்லிசா எடு."

பட்டறைக்காரர் நண்பரைப் பார்த்தார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் லேத்தைப் பார்த்தேன். உளி தீட்டப்பட்டது. இரண்டாவது கிண்ணத்தைப் பெரியவர் மாட்டிச் சுழற்றினார். எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. தலையாட்டினார். 23 வருஷம் செய்த அதே தலையாட்டலாக இருக்கவேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டும்போது அவரே முன்சீட்டில் உட்கார்ந்து, வண்டி தரையில் நிற்கும்போது கடைசி முறுக்கு முறுக்க வைத்தார். ஆயில் கன்னால் டிரன்னியனில் எண்ணெய் வழிகிற வரை அடிக்கச் சொன்னார். தெருமுனை மெக்கானிக் பழக்க தோஷத்தில் கிரீஸ் கன்னை எடுத்தபோது ஒரு முறை முறைத்தார் பாருங்கள்... மெக்கானிக் இன்னும் அந்த கிரீஸ் கன்னைத் தொடுவதில்லை என்று கேள்வி.

★ வண்டலூரில் ஒரு யூ டர்ன்

இரண்டு வாரம் குரோம்பேட்டைத் தெருக்களிலேயே ஓட்டி, மறுபடி ஜாக் வைத்து ஆட்டிப் பார்த்து, ஒன்றும் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் நண்பர் அப்பாவை ஏற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் கோழியின் ஸ்தானத்தில், பின்சீட்டில்.

ஜி.எஸ்.டி. ரோடு. தாம்பரம், பெருங்களத்தூர். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் பைக்கில் கூடவே வந்து வீடியோ எடுத்தான். பெரியவர் எதையும் கவனிக்கவில்லை. காதை மட்டும் முன் சக்கரத்தின் பக்கம் வைத்துக்கொண்டு வந்தார்.

ஸ்டாண்டர்டு கம்பெனி எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டை 'கெஸல்' என்று மாற்றியது. பின்பக்க சஸ்பென்ஷன் நம் மெக்கானிக்குகளுக்கு ஒத்துவரவில்லை என்று சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. ஃபாக்டரி இருந்த பக்கமெல்லாம் இன்று கண்ணாடிக் கட்டடங்கள், கம்ப்யூட்டர் ஆபீஸ்கள், அடுக்குமாடிகள். வண்டலூர் என்றால் ஜனங்களுக்கு மிருகக்காட்சிசாலைதான் ஞாபகம் வருகிறது. கார் ஞாபகம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஒரு கேட் அருகே, "இங்கதான்டா" என்றார் பெரியவர். நண்பர் நிறுத்தினார். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"விசிட்டர் பாஸ் இருக்கா சார்?"

"இல்லப்பா. சும்மா பார்த்துட்டுப் போயிடுறோம்."

"இங்க நிறுத்தக் கூடாது சார். ரோடு சின்னது, திருப்பவும் முடியாது. ரிவர்ஸ்லயே வெளிய எடுத்துடுங்க."

நண்பர் ரிவர்ஸ் கியரில் கை வைத்தார். பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ரிவர்ஸ் எதுக்குடா? முழுசாத் திருப்பு."

நண்பர் ஸ்டியரிங்கைக் கடைசிவரை சுழற்றினார். இரண்டு முன் சக்கரமும் குறுக்கே திரும்பி நின்றன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தண்டு முறிகிற வேலையெல்லாம் இந்த மாதிரி முழுத் திருப்பத்தில்தானே! கிளட்ச் விட்டார். வண்டி நின்ற இடத்தில் பம்பரம் சுற்றுகிற மாதிரி, ஒரே வீச்சில், ஒரு 'கடக்' இல்லாமல், ஒரு முனகல் இல்லாமல் திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது.

செக்யூரிட்டி வாயைப் பிளந்தார். தினமும் அந்த வாசலில் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கார்கள் மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த் திரும்புவதைப் பார்க்கிறவர்.

"இன்னா சார் இது, இப்டித் திரும்புது! எந்த நாட்டு வண்டி?"

பெரியவர் கண்ணாடியை இறக்கினார். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைக் கை காட்டினார்.

"இங்க செஞ்சதுதான் தம்பி."